சிஇசட் 250: பின் ஷாக்கோடு மல்லுக்கட்டிய ஆறு வாரம்

சின்ன வயசில் அப்பாவின் எஸ்டி பைக்கில் டேங்க் மேல் உட்கார்ந்து போனவன் நான். அந்தப் பாசத்தில்தான் இங்கே கலிபோர்னியாவில் ஒரு 1971 சிஇசட் 250 மோட்டோகிராஸ் (மண் பாதைப் பந்தய) வண்டியை வாங்கினேன். மைசூர் எஸ்டிக்கும் இந்தச் செக் வண்டிக்கும் தூரத்துச் சொந்தம். இடது பக்கக் கிக்கரை மிதித்தாலே தெரிந்துவிடும். 1968, 69 இரண்டு வருஷமும் பெல்ஜியத்து ஜோயல் ரொபேர் 250 சிசி உலகப் பட்டம் ஜெயித்தது சிஇசட்டில்தான். என் வண்டியோ, சின்ன மேட்டில் குதித்து இறங்கினாலே பின்சக்கரம் மட்கார்டில் போய் இடிக்கும்.

பழைய ஷாக்கில் ஆயில் எப்போதோ ஒழுகிப் போயிருந்தது. நீளமான ஷாக் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பழைய வண்டிப் பந்தயத்தில் பின்சக்கரம் 4 அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. தவிர, பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் படபடக்கும். அதனால் அதே நீளத்தில், கழற்றி ஆயில் மாற்றக்கூடிய ஒரு ஜோடி வாங்கினேன். ஸ்பிரிங் 60 பவுண்டு, அதாவது ஒரு அங்குலம் அமுக்க அவ்வளவு எடை வேண்டும். மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம்.

ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி நின்றேன், மனைவி டேப் பிடித்தாள். வண்டி 46 மி.மீ. உட்கார்ந்தது. வேண்டியது 30 சொச்சம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் காலரை முறுக்கி, போதாமல் வளையமும் செருகி, 31-க்குக் கொண்டுவந்தேன். சந்தோஷமாக ஓட்டப் போனால் பிரேக் பிடிக்கும் இடமெல்லாம் பின்பக்கம் "டக் டக்" என்று உதைக்கிறது. பெரிய குதிப்பில் பழையபடி அடி!

அப்பாவுக்கு போன் போட்டேன். "டேய், நீ ஏறாதப்போ வண்டி உக்காருதா?" என்றார். பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கேதான் கோளாறு. முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, அமுங்கத் தொடங்கும் இடம்தான் தள்ளிப்போகும். ஆளோடு அளவு சரியாக இருந்து, வெறும் வண்டி கொஞ்சமும் இறங்காவிட்டால் ஸ்பிரிங் இளசு என்று அர்த்தம். நானோ நேர்மாறாக நினைத்திருந்தேன்.

80 பவுண்டு ஸ்பிரிங் மாற்றினேன். வளையம் தேவைப்படவில்லை. ஆளோடு 30, வெறும் வண்டி 6. அடி நின்றது. ஆனால் கடினமான ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தை உள்ளே இருந்த 10 எண் ஆயிலால் பிடிக்க முடியவில்லை, சீட் என்னைத் தூக்கிப் போட்டது. அதைவிடக் கெட்டியான 15 எண் ஆயில் ஊற்றினேன். உதை அடங்கியது. அடுத்தடுத்து வரும் சின்னப் பள்ளங்களில்தான் இப்போது பின்பக்கம் எழும்ப நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடுகிறது. இரண்டையும் பாதிப் பாதி கலந்து பார்க்கலாம் என்றிருந்தேன்.

போன ஞாயிறு இருபது நிமிஷம் ஓட்டி இறங்கியதும் இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பார்த்தேன். வலது ஷாக்கில் கை வைக்க முடியாத சூடு. இடது ஷாக் வெறும் வெதுவெதுப்பு. வேலை செய்யும் ஷாக்தான் சூடாகும்; ஆக, ஒன்று மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. இடது ஷாக்கின் ராடைத் துடைத்தால் விரலில் ஆயில் பிசுக்கு. புது சீல் ஆர்டர் போட்டாச்சு.