பிக்கப் வண்டிக்கு எந்தப் பந்தல் சரிவரும்?

பிக்கப்பை எடுத்துக்கொண்டு கேம்பிங் போனால் நம் புழக்கம் முழுக்க வண்டியின் பின்பக்கம்தான். இறக்கிவிட்ட பின்கதவுதான் சமையல் மேடை, சாமான் ஏற்றும் பின்தொட்டியின் ஓரத்தில் தண்ணீர்க் கேன், எதிரே மடக்கு நாற்காலி. ஆனால் விற்பனைக்கு வரும் ஆனிங்குகளில், அதாவது வண்டியிலேயே மாட்டி விரிக்கும் துணிப் பந்தல்களில், பெரும்பாலானவை வண்டியின் பக்கவாட்டில் விரிகிறவை, நீளமான கூரை உள்ள ஜீப், எஸ்யூவி வகைகளுக்கு அம்சமாகப் பொருந்துகிறவை. அதையே பிக்கப்பில் மாட்டினால் நாற்காலிக்கு நிழல் கிடைக்கும், அடுப்பு வெயிலிலேயே நிற்கும். இந்தச் சிக்கல் பிடிபட்டுவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான். ஏரிக்கரை, மலையடிவாரம், கடலோரம் என்று சுற்றியதில் என்னுடையதும் நண்பர்களுடையதுமாக வெவ்வேறு பந்தல்களுக்குக் கீழே சமைத்து, தூங்கி, மழைக்கு ஒதுங்கிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எது வாங்குவது என்பதற்கு முன்னால் எங்கே மாட்டுவது என்று பாருங்கள். கேபின் கூரை குட்டையானது, ஆனிங் மடங்கியிருக்கும் 2.5 மீட்டர் நீளப் பெட்டி அதில் உட்காராது. அப்போது சிலர் முன் ஆணியை கேபின் கூரை ரேக்கிலும் பின் ஆணியை தொட்டி ரேக்கிலும் போட்டு முடுக்கிவிடுவார்கள். இது கூடவே கூடாது. அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) மேல் கட்டிய பிக்கப்களில் கேபின் தனி, தொட்டி தனி. மேடு பள்ளத்தில் இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. நம்ப முடியவில்லை என்றால், நண்பர் வண்டியை ஒரு ஓடையில் குறுக்கே மெதுவாக இறக்கும்போது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். மேலே விரியும், கீழே நெருங்கும், அடுத்த சக்கரம் இறங்கியதும் தலைகீழாகும். இரண்டையும் ஒரே அலுமினியப் பெட்டியால் பிணைத்தால் பெட்டி வளையும், இல்லை பிராக்கெட் விரிசல் விடும். ஆகவே எல்லா ஆணியும் தொட்டியின் ரேக்கிலோ, தொட்டியை மூடும் கூடான கேனப்பியிலோ மட்டும் இருக்கட்டும்.

உயரமும் முக்கியம். தொட்டி ரேக்குகளில் பாதி உயரத்தோடு நின்றுவிடுவது உண்டு, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆனிங் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கினால் நாள் முழுக்கக் குனிந்தே திரிய வேண்டும். கேபின் கூரை மட்டத்துக்காவது ரேக் வேண்டும். கேனப்பி இருந்தால் பக்கக் கதவுகளையும் பின்கண்ணாடியையும் முழுக்கத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மேல்நோக்கித் திறக்கிற கதவும் கீழே தொங்குகிற ஆனிங் பையும் முட்டிக்கொள்வது சகஜம். எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் ரேக்கின் கையேட்டில் பாருங்கள். வண்டி நிற்கும்போது தாங்குவது வேறு, குலுங்கி ஓடும்போது தாங்குவது வேறு, நமக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

சரி, வகைகளுக்கு வருகிறேன்.

பிக்கப்காரர்கள் அதிகம் ஆசைப்படுவது 270 டிகிரி ஆனிங். பின் மூலையில் கீல், அங்கிருந்து கைகள் விசிறி மாதிரி சுழன்று வண்டியின் ஒரு பக்கத்தையும் பின்கதவையும் சேர்த்து மூடிவிடும். ஏரிக்கரையில் நண்பருடைய வண்டியில் இருந்தது இதுதான். பையைத் திறந்து கையை இழுத்துக்கொண்டு நடந்தால் போதும், விரிந்துவிட்டது, அடுப்பு, நாற்காலி, குழந்தைகளின் பாய் எல்லாம் ஒரே நிழலில். பகலில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே தோன்றியது. ராத்திரி காற்று கிளம்பியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும், அதுவும் பத்துச் சதுர மீட்டர் துணி என்றால் கீலில் விழும் இழுப்பை யோசித்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றாமலே நிற்கும் என்று விற்கப்படும் மாடல்தான், ஆனாலும் கைகள் ஒவ்வொன்றும் எழும்பி எழும்பி இறங்கின. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எல்லாக் கால்களையும் இறக்கி, கயிறு கட்டி, முளை அடித்த பிறகுதான் அடங்கியது. கால் ஊன்றாமல் நிற்கும் என்பது காற்றில்லாத நேரத்துக்கான வசதி, அப்படி மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. பத்துச் சதுர மீட்டர் துணி தட்டையாக நின்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கு நூறு கிலோ தண்ணீர் தலைக்கு மேல் வந்து சேரும். இரண்டு கைகளுக்கு நடுவே துணி பைபோலத் தொங்க ஆரம்பித்ததும் நண்பர் ஓரத்துக் கால் ஒன்றை நன்றாகத் தாழ்த்தினார், அந்த மூலை வழியாகத் தண்ணீர் தாரையாக ஓடிவிட்டது. எந்த ஆனிங் வாங்கினாலும் ஒரு மூலையை இப்படித் தாழ்த்த வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

270 வாங்குவதாக இருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக வரும். சாலையோரம் நிறுத்தினால் போக்குவரத்து இல்லாத பக்கம் விரிகிற மாதிரி எடுங்கள். எடையும் உண்டு, பல மாடல்கள் 20 கிலோவைத் தாண்டும், அவ்வளவும் ரேக்கின் ஒரே விளிம்பில் தொங்கும். என்னை யோசிக்க வைத்தது மடக்கும் வேலைதான். விடியற்காலையில் நனைந்த துணியை ஒவ்வொரு கையின் இடுக்கிலும் செருகி, பட்டையால் இறுக்கி, ஜிப்பை இழுத்து மூட இரண்டு பேர் வேண்டியிருந்தது. தனியாகப் பயணம் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு தடவையாவது தானே மடக்கிப் பார்த்துவிட வேண்டும். விரிக்கும் நேரத்தை எல்லா விளம்பரமும் சொல்லும், மடக்கும் நேரத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணச் சுருள் ஆனிங் அந்த விஷயத்தில் எளிது. இரண்டு கால், இரண்டு குறுக்குக் கை, சுருட்டினால் பைக்குள் போய்விடும். 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீட்டம் என்பது பரவலான அளவு. பலருக்குத் தெரியாத ஒன்று, ஒன்றரை மீட்டருக்கும் குறைவான அகலத்தில் சின்னதும் கிடைக்கிறது, அதை ரேக்கின் பின்விளிம்பில் மாட்டினால் நேராகப் பின்கதவுக்கு மேலேயே விரியும். பிக்கப்புக்கு இது மிகச் சரியான அளவு என்பேன்.

தொட்டிக்குள்ளேயே நிற்கும் கூடாரமும் உண்டு. தரை ஈரம் படாமல் தூங்க நல்லது, ஆனால் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும். ஒரே இடத்தில் பல நாள் தங்கி, நடுவில் தண்ணீர் எடுக்க வண்டியைக் கிளப்ப வேண்டியவர்களுக்கு வண்டியோடு ஒட்டாத தனிப் பந்தல்தான் சரி. ஆனிங் என்றால் ஒவ்வொரு முறையும் மடக்க வேண்டும், நம் இடத்தையும் வேறு யாராவது பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் தார்ப்பாய். 3க்கு 4 மீட்டர் தார்ப்பாய், இரண்டு கம்பம், நல்ல கயிறு. ஆனிங் கைவிடுகிற காற்றில் தார்ப்பாயைத் தாழ இறக்கி, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு அடித்துவிடலாம், இந்த ஒரு காரணத்துக்காகவே அது எப்போதும் என் வண்டியில் இருக்கும். நைலான் நனைந்தால் தொய்யும், பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, அதனால் இரவில் எழுந்து கயிறு இறுக்கும் வேலை குறையும். கடலோர மணலில் சாதாரண முளை நிற்கவே நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றின் நுனியை அதில் கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. வண்டிப் பக்கக் கயிறுகளைச் சக்கரத்திலேயே கட்டலாம்.

துணியில் பருத்தி கலந்த கேன்வாஸ் கனமானது, ஆனால் நண்பகலில் அதன் கீழே உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். மெல்லிய பாலியஸ்டருக்கு அடியில் கையை நீட்டினால் உள்ளங்கையில் சூடு இறங்குவது தெரிகிறது, கேன்வாஸில் அது வெகுவாகக் குறைவு. நனைந்தால் பருத்தி நூல் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் என்பதால் புதுக் கேன்வாஸை ஒரு முறை நன்றாக நனைத்துக் காயவிட்டுப் பயன்படுத்துவது வழக்கம். பாலியஸ்டர் இலேசு, சீக்கிரம் காயும். அதில் தண்ணீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள், ஒழுகாமல் அந்தத் துணி எவ்வளவு உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கு அது. தலைக்கு மேல் மட்டும் என்றால் 1500 போதும், ஆனால் தையலுக்கு மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், ஒழுகல் பெரும்பாலும் தையலில்தான் தொடங்கும். எதுவானாலும் ஈரத்தோடு சுருட்டிக் கிளம்பினால் வீடு சேர்ந்த உடனே விரித்துக் காயப்போடுங்கள், கரும்புள்ளிப் பூஞ்சை பிடித்துவிட்டால் வாழ்நாளுக்கும் போகாது.

பக்கச் சுவர் மாட்டுகிறவர்கள் நான்கு புறமும் மூடிவிட்டு உள்ளே அடுப்போ கரியோ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போய்விடும். மழை எவ்வளவு கொட்டினாலும் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும்.

இப்போது என் வண்டியில் பின்விளிம்பில் சின்னச் சுருள் ஆனிங், தொட்டியில் பாலியஸ்டர் தார்ப்பாய். தனியாகவே விரிக்கிறேன், தனியாகவே மடக்குகிறேன். மாலையில் சூரியன் தாழ்ந்ததும் வெயில் பக்கவாட்டில் நேராக அடுப்படிக்கு வருகிறது, அதற்கு ஒரு பக்கச் சுவர் வாங்க வேண்டும். வலையா, கெட்டித் துணியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொசு இருக்கும் இடங்களை நினைத்தால் வலைப் பக்கம்தான் மனம் சாய்கிறது.