தூளியிலிருந்து மெத்தைக்கு

ராத்திரி ஐந்தாறு முறை எழும் எட்டு மாதக் குழந்தைக்கு, "பால் பத்தலை" என்பதுதான் முதலில் கிடைக்கும் தீர்ப்பு. எழும் நேரத்தை நாலு நாள் எழுதி வைத்தோம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. பசி அப்படிக் கடிகாரம் பார்த்து வராது. இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம். ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை அரைகுறையாக விழிக்கும். ஆடும் தூளியில் கண்ணயர்ந்தது, அசையாத தூளியில் விழித்தால் ஆட்டச் சொல்லித்தான் அழும். ஆகவே மாற்ற வேண்டியது நடுராத்திரியை அல்ல, எட்டு மணிக்குத் தூங்கவைக்கும் விதத்தை.

எடை சரியாக ஏறுகிறதா, காதுவலி, மூக்கடைப்பு, இரும்புச்சத்துக் குறைவு உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். காய்ச்சலிலும் தடுப்பூசி போட்ட வாரத்திலும் கூடாது.

கடைசிப் பகல் தூக்கத்துக்கும் படுக்கைக்கும் நடுவே சுமார் 3 மணி நேரம் இருக்கட்டும். கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதம். 7.15க்குப் பால், பிறகு வெதுவெதுப்பான நீரில் உடம்பு துடைத்து, பருத்திச் சட்டை, ஜீரோ வாட் விளக்கு, ஒரே ஒரு தாலாட்டு. பாலை முதலில் வைப்பதுதான் சூட்சுமம். கடைசியில் கொடுத்தால் தூளியின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும்.

முதல் மூன்று இரவு தூளியில் சொக்கும்வரை மட்டும் ஆட்டி, கண் மூடுவதற்குள் மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தோம். மெத்தை அமுங்காததாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. அடுத்த மூன்று இரவு தூளியே இல்லை, தட்டல் மட்டும். பிறகு தட்டாமல் நெஞ்சில் கை. அதன்பின் கையையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

சிணுங்கல் வேறு, அழுகை வேறு. சிணுங்கும் பிள்ளைக்குக் கண் மூடியே இருக்கும். தலை இடமும் வலமும் உருளும், முஷ்டி வாயைத் தேடும். இரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போது தூக்குவதுதான் பல வீடுகளில் பிள்ளையை எழுப்பிவிடுகிறது. கண் திறந்து வீறிட்டால் தூக்குங்கள். அடங்கியதும், தூங்குமுன் கீழே விடுங்கள். முதல் இரவில் இதைப் பத்துத் தடவை செய்ய வேண்டிவரலாம்.

இந்த வயதில் ராத்திரி ஒன்றிரண்டு தடவை பால் கேட்பது இயல்பு, அதைப் பிடுங்க வேண்டாம். மற்றதில் புட்டிப்பால் என்றால் இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மில்லி குறையுங்கள்; தாய்ப்பால் என்றால் ஒன்றிரண்டு நிமிடம். பால் கொடுக்காமல் அடக்க வேண்டிய நேரத்தில் அப்பா போவது நல்லது, அம்மாவிடம் பால் மணக்கும்.

மூன்றாம் நாலாம் இரவு பழையதைவிட மோசமாகலாம். மனசு கேட்காமல் பாட்டி இரண்டு மணிக்குத் தூளியில் போட்டு ஆட்டிவிடுவதும் அன்றைக்குத்தான். நீட்டி அழுதால் தூளி வரும் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். அதனால் முதலில் வீட்டாரிடம் பேசிவிட்டு, தூளிச் சேலையை அவிழ்த்து மடித்து வையுங்கள்.

எல்லாம் படிந்தபின் திடீரென்று நின்றுகொண்டு அழும். பிடித்து எழுந்து நிற்கத் தெரியும், உட்காரத் தெரியாது. பகலில் நாற்காலியைப் பிடித்து நிற்கும்போது முழங்காலை மடக்கி உட்காரப் பழக்குங்கள்.