எந்தப் புரதத்தின் மேல்? எங்கள் கட்டுரையைத் தகவல்தளத்தில் பதிந்த அனுபவம்

கோவையில் பிளவு ஈஸ்ட்டை (இரண்டாகப் பிளந்து பெருகும் ஒற்றைச் செல் பூஞ்சை) வைத்து நாங்கள் செய்த வேலை கட்டுரையாக வெளிவந்த பிறகு, பாம்பேஸிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பிளவு ஈஸ்ட்டின் மரபணுக்களுக்கென்றே இருக்கும் தகவல்தளம் அது. கட்டுரையின் முடிவுகளை, எழுதியவர்களே காண்டோ என்ற இணையக் கருவியில் பதிந்து தரலாம் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்தை நடத்தும் சார் அதை எனக்கு அனுப்பிவிட்டு, "அம்மிணி, சோதனை செஞ்சது நீதான், நீயே பதிஞ்சிரு. சந்தேகம்னா கூப்பிடு" என்றார். நான் அப்போது விடுமுறைக்குக் கோபிக்கு வந்திருந்தேன்.

தொடக்கம் சுலபம். கட்டுரைக்குப் பப்மெட் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளம் தந்த எண்ணையும் மரபணுப் பெயர்களையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மரபணுவாக எடுத்துப் போக வேண்டும். நாங்கள் ஆராய்ந்த கைனேஸைத் (புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) தேர்ந்தெடுத்து, மரபணுக்களின் வேலைகளைச் சொல்லும் பொதுச் சொற்பட்டியலான ஜீன் ஆன்டாலஜியில் 'புரத செரின்/திரியோனின் கைனேஸ் செயல்பாடு' என்பதைத் தேடி எடுத்தேன். சான்று வகை, நேரடிச் சோதனை. இதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் நிறுத்தினால் அது பாதிப் பதிவுதான். பாஸ்பேட் ஏற்றும் நொதி, சரி, எதன் மேல் ஏற்றுகிறது? ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சரக்குப் போனது என்று பேரேட்டில் எழுதிவிட்டு, யாருக்குப் போனது என்பதை விட்டுவிட்டால் அந்தக் கணக்கை யார் ஒத்துக்கொள்வார்கள்?

பிளவு ஈஸ்ட் படித்தவர்களுக்கு வீ1, சிடிசி25 என்ற இரண்டு நொதிகளும் பழக்கமான பெயர்கள். பால் நர்ஸுக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்ததே, அந்த செல் சுழற்சி வேலையோடு சேர்ந்தவை. சிடிசி2 புரதத்தின் 15-வது இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் வீ1 பாஸ்பேட் ஏற்றி, செல் பிரிவுக்குள் போகாமல் நிறுத்தி வைக்கிறது. அதே இடத்திலிருந்து சிடிசி25 பாஸ்பேட்டை எடுத்துவிடுகிறது. எந்தப் புரதத்தின் மேல் வேலை செய்கிறது என்ற இலக்கைப் பதியாமல் விட்டால் தகவல்தளத்தில் ஒன்று கைனேஸ், இன்னொன்று பாஸ்பேட்டை எடுக்கும் பாஸ்பேட்டேஸ், அவ்வளவுதான். இரண்டும் ஒரே புரதத்தின் ஒரே இடத்தில் எதிரெதிராக வேலை செய்கின்றன என்பது எந்தத் தேடலிலும் வராது. ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கணினி வழியாக அலசுகிறவர் நம் கட்டுரையைத் திறந்து படிக்கப் போவதில்லை. பதிவில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும்.

இலக்கைச் சொல்வதற்கென்றே பதிவில் ஒரு நீட்சிப் பகுதி இருக்கிறது. ஜீன் ஆன்டாலஜியின் பதிவுக் கோப்பில் இது 16-வது நெடுவரிசை. எந்தப் புரதத்தின் மேல், எந்தக் கட்டத்தில், செல்லின் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் அங்கே போகும்.

எங்கள் கட்டுரையில் இரண்டு இலக்குகள் இருந்தன. முதலாவதில் தயக்கமே இல்லை. தூய்மைப்படுத்திய கைனேஸையும் இலக்குப் புரதத்தையும் கதிரியக்க பாஸ்பரஸ் ஏற்றிய ஏடிபியோடு (கைனேஸுக்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கும் மூலக்கூறு) குழாயில் சேர்த்தபோது, பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் பட்டை படத்தில் தெரிந்தது. செயலிழந்த கைனேஸைப் போட்டபோது தெரியவில்லை. அதை அப்படியே நீட்சியில் சேர்த்தேன்.

இரண்டாவதுதான் யோசிக்க வைத்தது. கைனேஸ் மரபணுவை நீக்கிய செல்களில் அந்தப் புரதத்தின் பாஸ்பேட் குறைந்திருந்தது, அவ்வளவுதான் எங்கள் கையில் இருந்த சான்று. சாரைக் கூப்பிட்டேன்.

"ஏனம்மிணி, அது நேராத் தொட்டதை நாம பாத்தமா?"

"இல்லீங்க சார். நடுவுல வேற கைனேஸ் இருக்கலாமுங்க."

"அப்ப இலக்குன்னு போடாதே. பாத்தது எதுவோ அதை மட்டும் எழுது."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒருமுறை இலக்கு என்று ஏறிவிட்டால், அடுத்து வருகிறவர் அதை உண்மையாக எடுத்துக்கொண்டு வலைப்படம் வரைவார், அதன் மேல் இன்னொருவர் முடிவு எழுதுவார். அதற்காகப் பார்த்ததை விட்டுவிடவும் வேண்டியதில்லை. அதைப் புறத்தோற்றப் பதிவாக, அதாவது மரபணு மாறினால் செல்லில் தெரியும் விளைவாகப் போட்டேன்: இந்த மரபணு நீங்கினால் புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது குறைகிறது, அளந்த புரதம் இது. சோதித்தது எந்தப் புரதம் என்று சொல்ல அங்கேயும் நீட்சி உண்டு.

முதல் இலக்குக்கு இன்னொரு பதிவும் போட வேண்டியிருந்தது. செரின் என்ற அமினோ அமிலம் புரதத்தில் பல இடங்களில் இருக்கும்; எந்த செரினில் பாஸ்பேட் ஏறியது, ஏற்றியது யார் என்பதை இலக்குப் புரதத்தின் பக்கமாக, புரத மாற்றம் என்ற தலைப்பில் தனியாகக் கொடுக்க வேண்டும். இதற்கு எங்கள் ஜூனியர் எடுத்த நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) அளவீட்டு அட்டவணையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கட்டுரை எழுதும்போதே மரபணுவுக்குத் தகவல்தளம் தரும் முறைப் பெயர், அமினோ அமிலத்தின் எண், எந்தப் படத்தில் எந்தச் சோதனை என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால் பதிவு வேலை பாதியாகிவிடும். இப்போது எங்கள் ஆய்வகத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வருகிறேன்.

சமர்ப்பித்த பிறகு அங்கிருக்கும் தொகுப்பாளர் ஒவ்வொரு வரியையும் பார்த்தார். செரின் எண் எந்தப் படத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதினார், அனுப்பினேன். அப்புறம் தளத்தில் ஏறியது. கைனேஸின் பக்கத்தில் இலக்கு தெரிகிறது. இலக்குப் புரதத்தின் பக்கத்தைத் திறந்தால், இது எங்கள் கைனேஸின் இலக்கு என்று அங்கேயும் வந்திருக்கிறது. அதை நாங்கள் தனியாக எழுதவில்லை, நீட்சியில் கொடுத்ததிலிருந்து தானாக வந்தது. அடுத்து சாரின் பழைய பாஸ்பேட்டேஸ் கட்டுரையை எடுத்திருக்கிறோம். அதன் இலக்கும் இன்னும் தளத்தில் ஏறாமல்தான் இருக்கிறது.