திருவந்திபுரத்துலேருந்து முக்திநாத்: அப்பாவோட துப்பாக்கிய வண்டியில ஏத்துறதா வேணாமா

2024 அக்டோபர் 20, ஞாயிறு

இன்னிக்கு காலைல திருவந்திபுரம் போயிட்டு வந்தோம், தேவநாதப் பெருமாள சேவிச்சுட்டு படி இறங்குறப்பதான் அத்தை கேட்டுச்சு, ஏண்டி சாளக்கிராமத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போவியான்னு. 108 திவ்யதேசத்துல அதுவும் ஒண்ணு, நேபாளத்துல முக்திநாத். கிட்டத்தட்ட 3,700 மீட்டர் உயரம். அத்தைக்கு 68 வயசு, விமானம்னா காது அடைச்சு தலை சுத்தும், போன தடவையே இனிமே ஏற மாட்டேன்னு சொல்லிடுச்சு. நான் பதினாலு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறேன், எனக்கு ரோடுன்னா பயமில்ல. பொலேரோல பின்சீட்ட கழட்டி பலகை போட்டு படுக்கை பண்ணிட்டா ஸ்கூல் லீவுல ஏப்ரல் கடைசில கிளம்பலாம்.

சாயந்திரம் அரியாங்குப்பத்துக்கு அண்ணனுக்கு போன் பண்ணேன். அவன் கேட்ட முதல் கேள்வியே, ரெண்டு பொம்பளைங்க தனியா நாக்பூர் தாண்டிப் போவீங்களா, அப்பாவோட துப்பாக்கிய எடுத்துட்டுப் போறதா இருந்தா போங்க, இல்லன்னா நான் விடமாட்டேன்.

அந்த துப்பாக்கி பத்தி எழுதிடுறேன். 12 போர் அளவு, டபுள் பேரல், அதாவது ரெட்டைக் குழல். பண்ருட்டி பக்கம் எங்க முந்திரிக் கொல்லைக்காக அப்பா வாங்கினது. ராத்திரி பன்னி வந்து இறங்கினா வானத்தப் பாத்து ஒரு வெடி, அவ்ளோதான், அப்பா எதையும் சுட்டு நான் பாத்ததில்ல. எனக்கு பதினேழு வயசுல கத்துக் குடுத்தார், கட்டைய தோள்ல எப்படி அணைக்கிறது, வேலி தாண்டுறப்ப எப்படி மடிச்சுப் பிடிக்கிறது எல்லாம். அவர் போனப்புறம் வாரிசுன்னு என் பேருக்கு லைசென்ஸ் மாத்தினேன். அதனால இத எழுதுறவ துப்பாக்கியப் பாத்து பயப்படுற ஆள் இல்ல, அண்ணன் சொன்னதும் எனக்கே சரின்னுதான் பட்டுச்சு.

நவம்பர் 3, ஞாயிறு

லைசென்ஸ் புக்க எடுத்து முழுசா இன்னிக்குத்தான் படிச்சேன், இத்தன நாள் புதுப்பிக்கிற தேதிய மட்டும் பாத்துட்டு வச்சுடுவேன். செல்லுபடியாகும் இடம்னு ஒரு வரி இருக்கு, தமிழ்நாடு. அவ்ளோதான்.

அதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஏன்னா கடலூர்ல இருக்கிறவங்களுக்கு தமிழ்நாடு எங்க முடியுது? ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி தென்பெண்ணைப் பாலம் ஏறி கங்கணாங்குப்பம் போனா முள்ளோடை, அங்க பாண்டி ஆரம்பிச்சுடும். எங்க வீட்லேருந்து பத்து நிமிஷம். அந்த ரோட்ல மெட்ராஸ் போற பஸ் எல்லாம் தமிழ்நாட்ட விட்டு வெளில போயி திரும்ப தமிழ்நாட்டுக்குள்ள வருது, யாரும் அத யோசிக்கிறதே இல்ல, பாட்டில் வாங்கிட்டு வர்றவங்களைத் தவிர. துப்பாக்கி வண்டியில இருந்தா நான் அந்த வழியில போக முடியாது, நெல்லிக்குப்பம் பண்ருட்டி விழுப்புரம்னு சுத்திப் போகணும். அண்ணன் வீட்டு வாசல்லகூட நிறுத்த முடியாது. லைசென்ஸ் நிபந்தனைய மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு 1959 ஆயுதச் சட்டத்துல இருக்கு, லைசென்ஸும் போயிடும்.

ஆல் இந்தியா வேணும்னா காரணம் காட்டி தனியா விண்ணப்பம் போடணும். சரி, போட்டு கிடைச்சுதுன்னே வச்சுக்குவோம். ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் எல்லாம் தாண்டி நேபாள பார்டர் சோனாலி வரைக்கும் கொண்டு போயிடலாம். அதுக்கப்புறம்? நேபாளத்துக்கு நம்ம லைசென்ஸ் வெறும் காகிதம், அந்த நாட்டு அனுமதி இல்லாம துப்பாக்கியோட உள்ள போனா நேரா கேஸ்தான். அப்ப பார்டர்ல எங்க வச்சுட்டுப் போறது, கோரக்பூர்ல தெரியாத கடையிலயா? இத அண்ணன்கிட்ட சொன்னேன், அப்ப இந்தியாவுக்குள்ளயாவது இருக்கட்டும்ன்றான்.

நவம்பர் 17, ஞாயிறு

குயிலாப்பாளையத்துல ஒரு மெக்கானிக் ஷெட்ல ஜெர்மன்காரர் ஒருத்தரோட லாரி நிக்குது, அதுலயே வீடு. ஊர்லேருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வாகா வழியா ஓட்டிட்டே வந்திருக்கார். பொலேரோக்கு ஸ்பிரிங் பட்டை பாக்கப் போன இடத்துல ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல.

துப்பாக்கி வச்சிருக்கீங்களான்னு நேராவே கேட்டேன். அவர் வாழ்க்கையில இந்த மாதிரி போற ஆளுங்க யார்கிட்டயும் அவர் பாத்ததில்லையாம். வண்டிக்கு கார்னேன்னு ஒரு புத்தகம் வாங்கினா நாடு நாடா முத்திரை குத்தி வண்டிய விட்டுடுறாங்க, துப்பாக்கிக்கு இந்த வழி முழுக்க செல்லுற மாதிரி ஒரு புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பார்டர்லயும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஈரான்லேருந்து பாகிஸ்தானுக்குள்ள வந்ததும் பலுசிஸ்தான்ல, தஃப்தான்லேருந்து குவெட்டா வரைக்கும் அரசாங்கமே லெவீஸ்னு உள்ளூர் காவல் படை ஆளுங்களை கூட அனுப்புச்சாம், அதுல ஒருத்தர் துப்பாக்கியோட இவர் பக்கத்து சீட்ல உக்காந்துட்டு வந்தாராம். அந்தப் பயணத்துல வண்டிக்குள்ள இருந்த ஒரே துப்பாக்கி அதுதான், அதுவும் அந்த நாட்டு சட்டத்துல இருக்கிறவர் கையில.

அமெரிக்கா பக்கமும் ஓட்டியிருக்கார். அங்க துப்பாக்கி சகஜம்னு நாம நினைக்கிறோம், ஆனா மெக்சிகோ பார்டர்ல போர்டே வச்சிருக்காங்களாம், துப்பாக்கி கொண்டு வராதேன்னு, தெரியாம கொண்டு போயி ஜெயில்ல கிடக்கிற அமெரிக்கர்கள் இருக்காங்க. கனடா 2022 அக்டோபர்லேருந்து கைத்துப்பாக்கி வாங்குறது விக்கிறதயே நிறுத்திடுச்சு, நீளத் துப்பாக்கின்னா பார்டர்ல எழுதிக் குடுத்து காசு கட்டணும், ஏன் கொண்டு வரேன்னு தகுந்த காரணமும் சொல்லணும், தற்காப்புன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அமெரிக்காவுக்குள்ளயே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, 1986ல போட்ட ஒரு சட்டம் வழிப்போக்கரா தாண்டிப் போக விடுது, ஆனா தோட்டா இல்லாம, எட்டாத இடத்துல, தனி டிக்கி இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டியில வச்சிருக்கணும்.

அந்தக் கடைசி விஷயம் என் மண்டையில நின்னுடுச்சு. வண்டியில வேத்து ஊர் தாண்டிப் போறப்ப சட்டம் ஒத்துக்கிற துப்பாக்கின்னா அது அனேகமா பூட்டின துப்பாக்கி. பூட்டின துப்பாக்கி கண்ணாடிய உடைக்கிறவன்கிட்டேருந்து என்ன காப்பாத்தும்?

அவர் இன்னொண்ணும் சொன்னார், நார்வேல ஸ்வால்பார்ட்னு தீவு, அங்க ஊர விட்டு வெளில போனா பனிக்கரடிய விரட்ட ஏதாவது கண்டிப்பா இருக்கணும், துப்பாக்கியே வாடகைக்குக் கிடைக்கும், ஆனா கவர்னர் ஆபீஸ் அனுமதி வாங்கணும். கேட்டதும் அப்பா ஞாபகம் வந்துடுச்சு. கொல்லை, பன்னி, ஒரு வெடி.

டிசம்பர் 6, வெள்ளி

கை இப்பதான் எழுத வருது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரையேறுச்சு, அண்ணன் வீட்டுப் பக்கம் கொட்டு கொட்டுன்னு கொட்டி தெருவெல்லாம் ஏரி. எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு இருந்தோம். அப்புறம் சாத்தனூர் அணைய திறந்துட்டாங்க, தென்பெண்ணை நிறைஞ்சு திங்கக்கிழமை எங்க வெளிச்செம்மண்டலத்துக்குள்ள வந்துடுச்சு, தாழங்குடா குண்டு உப்பலவாடி நாணமேடு எல்லாம் தண்ணி.

முழங்கால் அளவு வந்தப்ப நான் என்ன பண்ணேன்னு அப்படியே எழுதுறேன். பீரோவத் திறந்து துப்பாக்கிய எடுத்தேன், தோட்டா டப்பாவ எடுத்தேன், லைசென்ஸ பாலிதீன்ல சுத்துனேன், மூணையும் தூக்கிட்டு எதிர்வீட்டு மாடிக்குப் போயிட்டேன். அத்தைய பக்கத்து வீட்டுத் தம்பி தூக்கிட்டு வந்தான். அத்தையோட பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் அதே பீரோவுல கீழ்த்தட்டுல இருந்துச்சு, அது நனைஞ்சு போயிடுச்சு. மேல்தட்டுலேருந்து துப்பாக்கிய எடுத்த கைக்கு கீழ்த்தட்டு தெரியல.

விடிஞ்சதும் படகு வந்துச்சு, கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, பிள்ளைங்களோட முந்நூறு பேர் இருக்கிற இடத்துக்கு நான் துப்பாக்கிய எப்படி கொண்டு போறது, மாடியில எப்படி விட்டுட்டுப் போறது. அண்ணன் போன்ல அழுவுறான், எப்படியாவது இங்க வந்துடுங்கன்னு, சுத்து வழியா வண்டி அனுப்புறேன்னு, அவன் வீடோ முள்ளோடைக்கு அந்தப் பக்கம். அத்தைய தனியா படகுல ஏத்தி விட்டுட்டேன். நான் அந்த மாடியிலயே அன்னிக்கு முழுக்க உறைய மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன். சாயந்திரம் ஒரு கான்ஸ்டபிள் அண்ணன் வந்தப்ப சொல்லி, அவரோடயே போயி ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணி ரசீது வாங்கிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். அத்தை மாத்திரை இல்லாம தலை சுத்தி படுத்திருந்துச்சு. மருத்துவ முகாம்ல மாத்திரை குடுத்திருந்தாங்க, நல்லாயிடுச்சு.

அத்தை எதுவும் கேக்கல. எனக்குத்தான் தூக்கம் வரல.

டிசம்பர் 22, ஞாயிறு

வீடு கழுவி முடிச்சாச்சு. அண்ணன் வந்திருந்தான், திரும்ப அதே பேச்சு. வழியில திருடன் வந்தா என்ன பண்ணுவன்னு கேக்குறான். நான் புதுச் சட்டத்த படிச்சு வச்சிருந்தேன், ஜூலைலேருந்து ஐபிசிங்கிற இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா), அதுல 34லேருந்து 44 வரைக்கும் தற்காப்பு. உயிர் போற பயம், கொடுங்காயம், பலாத்காரம், கடத்தல் இதுக்கெல்லாம் எதிராளி செத்தாலும் குத்தமில்ல. ஆனா தேவைக்கு மேல ஒரு அடி கூடாது, போலீஸ்கிட்ட போக நேரம் இருந்தா அந்த உரிமையே இல்ல. பைய பிடுங்கிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டு அவன் செத்தா அது தற்காப்புன்னு நிக்காது, கொலைக் கேஸ். பொலேரோக்குள்ள இருட்டுல அத்தை பக்கத்துல படுத்திருக்கிறப்ப தூக்கத்துலேருந்து எழுந்து நான் இத எல்லாம் சரியா தீர்மானிக்கணும், 12 போர் வச்சுட்டு, அந்த நீளத் துப்பாக்கிய வண்டிக்குள்ள திருப்பக்கூட இடம் இருக்காது. அப்புறம் தெரியாத ஊர்ல இந்தி தெரியாம கோர்ட்டு.

நான் இதச் சொன்னதும் அவன் கேட்டது ஒண்ணுதான். அப்ப உனக்கு ஏதாவது ஆனா?

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இருக்குன்னு பொய் சொல்லவும் இல்ல.

2025 ஏப்ரல் 13, ஞாயிறு

துப்பாக்கிய லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர் கடையில ஒப்படைச்சாச்சு, ரசீது என் பர்ஸ்ல. மாசம் ஒரு தடவ எண்ணெய் போடச் சொல்லியிருக்கேன், அப்பா சொன்ன மாதிரி தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்.

வண்டியில செஞ்சது: படுக்கையிலேருந்து கீழ இறங்காமலே டிரைவர் சீட்டுக்குத் தாண்டி வர்ற மாதிரி பலகைய அறுத்தாச்சு. கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புத் துணி. சாவி ராத்திரி பூரா ஸ்டீயரிங்லயே. எங்க நிறுத்தினாலும் வண்டி மூக்கு ரோட்டப் பாத்து. அஞ்சு மணிக்கு மேல அடுத்த ஊர் கிடையாது, பெரிய பெட்ரோல் பங்க்ல லாரிங்க நடுவுல நிறுத்தணும், குருத்வாரா இருந்தா இன்னும் நல்லது. அவசரத்துக்கு 112, ஹைவே உதவிக்கு 1033 ரெண்டு நம்பரும் அத்தை போன்லயும். அத்தை மாத்திரை மூணு இடத்துல.

மே 1, வியாழன், வாரணாசி

ஏப்ரல் 26 கிளம்புனோம். நெல்லூர், விஜயவாடா, ஹைதராபாத், நாக்பூர் எல்லாம் அழகா வந்துடுச்சு, பெஞ்ச் காட்டுக்குள்ள ஹைவேய தூக்கி விட்டு அடியில புலி மான் போக வழி விட்டிருக்காங்க, அத்தை அத விட்டு கண்ண எடுக்கல.

நேத்து ரேவா தாண்டி கிளட்ச் வேலை வச்சு லேட்டாயிடுச்சு. அஞ்சு மணி கணக்க நானே உடைச்சேன், எட்டரைக்கு ஒரு மூடின தாபா பக்கத்துல நிறுத்தினேன், லாரி எதுவும் இல்ல, அதப் பாத்ததுமே கிளம்பியிருக்கணும். பதினோரு மணிக்கு பைக் சத்தம், ரெண்டு பேர், சுத்திச் சுத்தி வந்து டார்ச் அடிச்சு பின்கதவ இழுத்தாங்க. பூட்டு நின்னுச்சு. என் கை பலகைக்கு அடியில போச்சு. அங்க தண்ணி கேன் இருந்துச்சு. நான் அத எழுதாம விட்டா பொய்யாயிடும், அந்த ஒரு நொடி எனக்கு அது வேணும்னு இருந்துச்சு, அப்பாவோட அந்த கட்டை கைக்குள்ள வேணும்னு இருந்துச்சு.

அப்புறம் சீட்டுக்குத் தாண்டினேன், சாவி திருப்பினேன், லைட் போட்டு ஹாரன விடாம அடிச்சுட்டே ரோட்ல ஏறிட்டேன். கல்லு விட்டான், பின்கண்ணாடி விரிசல். இருபது கிலோமீட்டர் தள்ளி பங்க்ல நிறுத்தினப்பதான் கை நடுங்க ஆரம்பிச்சுது. துப்பாக்கிய எடுத்துட்டு வந்திருந்தா உறையப் பிரிச்சு தோட்டா போட்டு முடிக்கிற வரைக்கும் நான் அந்த இடத்துலதான் இருந்திருப்பேன், அத்தையோட. பங்க்ல இருந்த ஒரு லாரிக்கார அண்ணன் சேலம்காரர், விடியிற வரைக்கும் அவர் வண்டிய எங்க வண்டிக்கு ஒட்டி நிறுத்தினார்.

அண்ணன்கிட்ட கண்ணாடி பத்தி சொல்லிட்டேன். மறைக்கல. அவன் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் விரிசலுக்கு டேப் ஒட்டு, மழை உள்ள வரும்னான்.

மே 4, ஞாயிறு, சோனாலி தாண்டி

நம்ம பக்கம் பார்டர் காவல் பாக்குற எஸ்எஸ்பி (சசஸ்திர சீமா பல்) ஆளுங்க வண்டிய முழுசா இறக்கச் சொன்னாங்க. பலகை, படுக்கை, ஊறுகாய் பாட்டில், பெருமாள் படம் எல்லாத்தையும் ரோட்டோரம் வச்சோம். நேபாளப் பக்கமும் திரும்ப அதே. ஹத்தியார் இருக்கான்னு ஒருத்தர் கேட்டார், அந்த வார்த்தை எனக்கு ரேவாலேயே தெரிஞ்சுடுச்சு, இல்லன்னு சொன்னேன். பன்சார்னு அவங்க சொல்ற வண்டிக்கான சுங்கச் சீட்டு போட்டாச்சு, எத்தன நாள் இருக்கோமோ அத்தன நாளுக்குக் காசு.

என்னடி கேட்டான் அந்தப் பையன்னு அத்தை. ஆயுதம் இருக்கான்னு கேட்டான் அத்தைன்னேன். அத்தை ஒண்ணும் சொல்லல, பெருமாள் படத்த முந்தானையால தொடச்சு டேஷ்போர்ட்ல வச்சுது. நாளைக்கு பொக்ரா, அங்க முதல் வேலை பிரேக் பேட் பாக்கணும், ஜோம்சோம் ரோடு மோசமாம்.