படகுத்துறையில் ஒரு மதியம்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையில் இன்று சரக்குப் படகில் பொருட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் சுற்றிய மாவு மூட்டைகள், டயப்பர் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய ஒரு குழந்தை வண்டி.

பழங்குடி மக்கள் வாழும் ஆர்னம் லேண்ட் பகுதியின் கரையோர ஊர்களுக்கும் தீவுகளுக்கும் சரக்கு இப்படித்தான் போகிறது. மழைக்காலத்தில் சாலையை நம்ப முடியாது.

அங்கே ஊருக்குப் பெரும்பாலும் ஒரே கடை. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. அதனால் கடையை யார் ஆள்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இந்தக் கடைகள் பலவற்றை நடத்துவது 1972-இல் தொடங்கிய 'அல்பா' நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் உட்காருபவர்கள் கலிவின்கு, மிலிங்கிம்பி போன்ற உறுப்பினர் ஊர்களின் பழங்குடி மக்களே. காய்கறி, பழங்களின் படகுக் கூலிக்கு மானியம் தருகிறார்கள்.

2018-இல் அல்பா ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தது. 20 கடைகள், அதில் பாதியில் 12 வாரம் இனிப்புப் பண்டங்களுக்கு விளம்பரம் கிடையாது, பெரிய குளிர்பான பாட்டில் குளிர்பெட்டியில் கிடையாது. இப்படிச் சில மாற்றங்கள்தான். விலையில் கை வைக்கவில்லை. சர்க்கரை வாங்குவது 2.8 சதவீதம் குறைந்தது, லாபம் அடிவாங்கவில்லை.

நன்றாக ஓடும் சரக்கை மறைத்து வை என்று எந்த முதலாளி சொல்வார்? (எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே சாக்லேட் மலை.)

வாங்குபவரின் பாட்டியும் மாமாவும் முதலாளி நாற்காலியில் இருந்தால் சொல்வார்கள் போல.