மஞ்சளுக்கும் லேகியத்துக்கும் நடுவே

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, யாங்கோன் (பழைய ரங்கூன்) வெயில் 37 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த நாட்களில், மகளைப் பெற்றெடுத்து மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றே என் உடம்பின் மீதான உரிமை, அத்தைக்கும் (மாமியாரை நான் அப்படித்தான் அழைப்பேன்) எதிர்வீட்டுப் பர்மிய ஆன்ட்டிக்கும் சரிபாதியாகப் பங்கு வைக்கப்பட்டது.

அத்தையின் பங்கில் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி சேர்த்து நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய லேகியமும், பூண்டுக் குழம்பும், மூச்சுவிட இடம் தராமல் இடுப்பில் இறுக்கிய பழைய நூல் சேலையும் இருந்தன. ஆன்ட்டியின் பங்கில் தலை முதல் கால் வரை மஞ்சள் பூச்சு, கனத்த போர்வை, 45 நாட்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற தடை ஆகியவை இருந்தன. பிள்ளை பெற்றவள் மூக்கில் தாளிக்கும் வாடை ஏறினால் நோய் வரும் என்பது ஆன்ட்டியின் உறுதியான நம்பிக்கை என்பதால், அத்தை அடுக்களையில் பூண்டை வதக்கத் தொடங்கியதும் அவர் ஓடி வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, முகர்வதற்குக் கருஞ்சீரக முடிச்சு ஒன்றை என் கையில் திணிப்பார். மின்விசிறியைப் போடக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே எழவில்லை. மின்சாரமும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நின்றது.

இரவில் எனக்கு ஆடை நனைய வியர்த்தது. "என் மஞ்சள் கெட்ட நீரை வெளியே தள்ளுகிறது" என்றார் ஆன்ட்டி. "இல்லை, அது லேகியத்தின் வேலை" என்றார் அத்தை. பார்க்க வந்த நர்ஸ், கர்ப்ப காலத்தில் உடம்பு சேர்த்து வைத்த நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறுவது இயல்பு என்றும், பால் கொடுப்பவள் தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றும் சொன்னார். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று அதுவரை டம்ளர் கணக்குப் பார்த்த அத்தை, நர்ஸின் வெள்ளைச் சட்டைக்கு மரியாதை கொடுத்து, சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நீருக்கு மட்டும் அனுமதி வழங்கினார். பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்று நர்ஸ் விளக்கியதைக் கேட்ட பிறகும், சேலைக்கட்டு ஒரு விரற்கடைகூடத் தளரவில்லை. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி அந்தச் சுருக்கத்தினால்தான் வருகிறது என்று தெரிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல். வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

உண்மையான சிக்கலைக் கிளப்பியது அந்தக் கருஞ்சீரக முடிச்சுதான். அதை முகர்ந்தால் தும்மல் வரும். தும்மினால் சிறுநீர் கசியும். தையல் போட்ட இடம் வேறு சுண்டி இழுக்கும். கூச்சத்தை விட்டு நர்ஸிடம் சொன்னபோது, 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த இடுப்படித் தசைப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். சிறுநீரை அடக்குவது போலத் தசையை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். வலி இல்லாத அளவுக்குத்தான் செய்ய வேண்டும்.

நர்ஸ் படியிறங்கியதும் அத்தை கதவைத் தாழிட்டுவிட்டு, "நாலு பெத்ததிலிருந்து எனக்கும் தும்மினா அப்படித்தாம்மா. நீ வாய்விட்டு எண்ணு, நானும் செய்யிறேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். நான் எண்ணுவதைக் கேட்டு விசாரிக்க வந்த ஆன்ட்டியும், விவரம் அறிந்ததும் வாதம் எதுவும் செய்யாமல் எங்கள் அருகே பாய் விரித்து அமர்ந்தார்.

மாலையில் வேலையிலிருந்து திரும்பிய என் கணவர், மூன்று பெண்கள் சுவரைப் பார்த்தபடி இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "என்னம்மா, மறுபடியும் சண்டையா?" என்று பதறினார்.

"எண்ணிக்கையைக் கெடுக்காதே, போய்க் கைகாலைக் கழுவு" என்றார் அத்தை.