உதிரிபாக அறைச் செய்முறைத் தேர்வு: இரண்டு முறை எழுதியவரின் அனுபவம்

பண்டகக் காப்பாளர் பயிற்சியின் இறுதியில் நடைபெறும் செய்முறைத் தேர்வை நான் இரண்டு முறை எழுத நேர்ந்தது. முதல் முறையும் அறையை அழகாகத்தான் அடுக்கியிருந்தேன். ரேக்குகளுக்கு நான் வைத்த குறியீடுதான் என்னைக் கவிழ்த்தது. இனி எழுதப்போகிறவர்கள் அந்த இடத்தில் வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு முறையும் நடந்ததைச் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்கு ரேக்குகள், ஒரு மேசை, பெட்டிகளில் கலந்து கிடக்கும் ஏறத்தாழ 150 வகை உதிரிபாகங்கள், மூன்று மணி நேரம்: இவ்வளவுதான் தேர்வு. அடுக்கி, லேபிள் ஒட்டி, பதிவேட்டில் ஒவ்வொரு பாகத்தின் இடத்தையும் எழுதி முடித்த பின்னர், அந்த அறைக்குள் அதுவரை காலடி வைத்திராத ஒருவரிடம் ஆளுக்கொரு பாகத்தின் பெயர் என்றில்லாமல், எடுத்து வர வேண்டிய பாகங்களைக் குறித்த ஐந்து துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் யாரையும் கேட்காமல், பதிவேட்டை மட்டும் பார்த்து அந்தப் பாகங்களை எடுத்து வர வேண்டும். அது முடிந்ததும் புதிதாக 20 வகைப் பாகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அரை மணி நேரத்தில் இடம் ஒதுக்கச் சொல்வார்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி கடைசி இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது என்பது முதல் முறை எனக்குத் தெரியாது.

அப்போது நான் வைத்த குறியீடுகள் ‘பேரிங்-1’, ‘பேரிங்-2’, ‘பெல்ட்-1’ என்ற வகையைச் சேர்ந்தவை. படிக்க எளிதாக இருந்ததால் பெருமையாகக்கூட இருந்தது. புதிதாக வந்த 20 வகைகளில் எட்டு பேரிங்குகளாக இருந்தன; பேரிங் தட்டில் இடமில்லை; காலியாக இருந்ததோ பெல்ட் தட்டு. ‘பெல்ட்-4’ என்று லேபிள் ஒட்டிய ‘பின்’னுக்குள் (தட்டில் பாகங்களைப் போட்டு வைக்கும் சிறு பெட்டி) பேரிங்கைப் போட்டால் லேபிள் பொய் சொல்லும். லேபிளை மாற்றினால் பதிவேட்டில் எட்டு இடங்களில் அடித்தல் திருத்தல் வேண்டும். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. இடக் குறியீடு இடத்தின் முகவரியை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதும், அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது பதிவேட்டின் வேலை என்பதும் தேர்வு அறையை விட்டு வெளியே வந்த பின்புதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் முறை குறியீட்டை வரிசை, ரேக், தட்டு, பின் என்று பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் வகையில் அமைத்தேன். ‘ஏ-03-02-05’ என்றால் ஏ வரிசை, மூன்றாம் ரேக், இரண்டாம் தட்டு, ஐந்தாம் பின். ஒற்றை இலக்க எண்ணுக்கு முன்னால் பூச்சியம் சேர்ப்பதை வீண் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். குறியீட்டை எழுத்தாகக் கொண்டு கணினி வரிசைப்படுத்தும்போது, பூச்சியம் இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10, 11 வந்துவிட்டு அதன் பின்னரே 2 வரும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. அழுக்குப் படிந்த லேபிளில் அவை ஒன்றாகவும் பூச்சியமாகவும் படிக்கப்படும். தட்டுகளைக் கீழிருந்து மேலாக எண்ணினேன். பிற்காலத்தில் மேலே ஒரு தட்டு கூட்டினாலும் பழைய எண்கள் எதுவும் மாறாது என்பதே அதற்குக் காரணம். ரேக்குகளை மட்டும் வாசலிலிருந்து உள்ளே செல்லும் திசையில் எண்ணினேன்.

லேபிளை ஒட்டும் இடமும் ஒரு சிக்கல்தான். தட்டின் விளிம்பில் ஒட்டப்பட்ட லேபிள் மேலே உள்ள பொருளைக் குறிக்கிறதா, கீழே உள்ளதைக் குறிக்கிறதா என்பது ஒட்டியவருக்குத் தெரியும். புதிதாக வருபவருக்குத் தெரியாது. முதல் தேர்வில் சீட்டோடு வந்தவர் சரியான லேபிளைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழ்த்தட்டிலிருந்து பொருளை எடுத்துக்கொண்டு போனதை நான் வாய்திறக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் இரண்டாம் முறை எல்லா லேபிள்களிலும் மேல்நோக்கிய அம்புக்குறி வரைந்தேன். பின்னின் முகப்பில் இடக் குறியீட்டோடு பாக எண்ணையும் பெயரையும் எழுதிய தனிச் சீட்டு ஒன்றைச் செருகி வைத்தேன். இடக் குறியீடு ஒட்டப்பட்டது, பாகச் சீட்டு கழற்றி மாற்றக்கூடியது.

எதை எங்கே வைப்பது என்பதில் பலர் ஏபிசி பகுப்பாய்வைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். அது பயன்பாட்டின் பண மதிப்பை வைத்துப் பிரிப்பது. எதைப் பூட்டி வைப்பது, எதை அடிக்கடி எண்ணிச் சரிபார்ப்பது என்று முடிவு செய்ய உதவும். வாசலுக்கு அருகில், இடுப்புயரத்தில் இருக்க வேண்டியது அடிக்கடி இஷ்யூ ஆகும், அதாவது கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும் பொருள். அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. வேகமாக நகர்வது, மெதுவாக நகர்வது, நகராதது என்று பிரிக்கும் எஃப்எஸ்என் முறைதான் இங்கே பொருந்தும். எழுத்துத் தேர்விலும் இந்த வேறுபாட்டைக் கேட்கிறார்கள். கனமான பாகங்களை அடித்தட்டில் வைப்பது பற்றி விளக்கம் தேவையில்லை.

ஒரே மாதிரித் தெரியும் பாகங்களை அருகருகே வைக்கும் பழக்கத்தை நான் கைவிட்டது, தேர்வுக்கான பயிற்சியில் ஒருநாள் 6205 இசட்இசட் பேரிங்குக்குப் பதிலாக 6205 2ஆர்எஸ் பேரிங்கை எடுத்துக் கொடுத்த பிறகுதான். இரண்டுக்கும் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றின் இரு பக்கமும் உலோகத் தகடு, மற்றொன்றின் இரு பக்கமும் ரப்பர் சீல். பெட்டிக்குள் இருக்கும்போது அந்த வேறுபாடு அட்டையின் மூலையில் உள்ள சிறிய எழுத்துகளில் மட்டுமே தெரியும். எண் வரிசையில்தான் அடுக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பின்களில் வந்து விழும். இடையில் இரண்டு பின்களாவது விட்டு, முற்றிலும் வேறான ஒரு பாகத்தை அங்கே வைத்தால், தவறு செய்யும் கை தானே நின்றுவிடும். எம்10 (10 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுகளில் 1.5 பிட்சும் 1.25 பிட்சும் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில்) இருப்பதால் அவற்றுக்கும் இதையே செய்தேன்.

ரப்பர் சீல், ஓ-ரிங் ஆகியவற்றின் சீட்டில் தயாரிப்புத் தேதியையும் எழுதி, பழையது முன்னால் வருமாறு வைக்க வேண்டும். வெயில் படும் சன்னலையும், ஓசோனை உண்டாக்கும் மின்மோட்டார்களையும் விட்டு அவை விலகியிருக்க வேண்டும். வி-பெல்ட்டுகளை மெல்லிய ஆணியில் தொங்கவிட்டால் தொங்கிய இடத்தில் மடிப்பு விழும். பேரிங்கின் உறையை ‘பார்ப்பதற்காக’ப் பிரிக்கவே கூடாது. தேர்வாளர்கள் இவற்றைக் கண்ணாலேயே கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள்.

நேரப் பங்கீட்டில் நான் பின்பற்றியது இது: முதல் 25 நிமிடங்கள் ஒரு பாகத்தையும் தொடாமல் காகிதத்தில் ரேக் படம் வரைந்து எல்லாப் பின்களுக்கும் குறியீடு எழுதினேன். ஒவ்வொரு தட்டிலும் ஐந்தில் ஒரு பின்னைக் காலியாக விட்டேன். அந்தக் காலிப் பின்களுக்கும் லேபிள் ஒட்டி, பதிவேட்டில் ‘காலி’ என்று எழுதினேன். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தேன். ஒரே பாகம் ஒரு பின்னில் கொள்ளாமல் இரண்டாவது இடத்துக்குப் போனபோது, பதிவேட்டிலும் பின் கார்டிலும் (பின்னில் உள்ள பாகத்தின் வரவையும் இருப்பையும் குறிக்கும் அட்டை) இரண்டு குறியீடுகளையும் எழுதினேன். கடைசிப் பத்து நிமிடங்களில் நானே மூன்று பாகங்களைப் பதிவேட்டில் குருட்டாம்போக்கில் தேர்ந்து, குறியீட்டைப் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்தேன். மூன்றாவதில், 02-ஆம் தட்டில் இருந்த பொருளைப் பதிவேட்டில் 03 என்று எழுதியிருந்தது தெரிந்தது.

சீட்டோடு வந்தவர் ஐந்து பாகங்களையும் சரியாக எடுத்து வந்தார். புதிதாக வந்த 20 வகைகளும் காலிப் பின்களுக்குள் போயின. பதிவேட்டில் 20 வரிகளும் முகப்பில் 20 சீட்டுகளும் மட்டுமே புதிதாக எழுத வேண்டியிருந்தன, ஒட்டிய லேபிள் ஒன்றையும் நான் தொடவில்லை.